ஆர்கேட் பெட்டியில் பட்டன் பிழை: அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடா, அறுகம்குடாப் பக்கம் விடுதிகளில் நிற்கும் பழைய வீடியோ கேம் பெட்டிகள் பழுதாவதற்கும் ஒரு பருவம் இருக்கிறது. மாரி மழையோடு விடுதியைப் பூட்டிவிடுவார்கள். பெட்டி துணி போர்த்தபடி மாதக்கணக்கில் உப்புக்காற்றில் நிற்கும். சித்திரைக்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கியதும் பெட்டியைப் போட்டுப் பார்ப்பார்கள். படம் வரும், பாட்டு வரும், பட்டன் மட்டும் கேட்காது. உடனே எனக்குப் போன் வரும்: "தம்பி, பொடியனுகள் அடிச்சு உடைச்சுப்போட்டானுகள். போர்ட் போயிட்டு போல."

பொடியன்கள் பாவம். போர்ட்டும் (கேம் ஓடும் மின்சுற்றுப் பலகை) அநேகமாகப் போயிருக்காது. கடற்கரைப் பெட்டிகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது வயர் நுனியில் பச்சைக் களிம்பு, கறள் பிடித்த கிளிப், அறுந்த கிறவுண்ட் வயர் (எல்லாப் பட்டனுக்கும் பொதுவான பூச்சிய வோல்ற் வயர்) இவைதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். போர்ட் எப்போதும் கடைசி.

கை வைக்க முன்

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பட்டன் பலகையை முன்பக்கத்தால் திறக்கலாம். பெரும்பாலான பெட்டிகளில் காசுக் கதவுக்குள் கைவிட்டால் இரண்டு கொக்கிகள் கழரும். பின்கதவைத் திறக்கவே தேவையில்லாமல் முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம். பின்னால் இருப்பது குழாய் மொனிற்றர். அதில் 20,000 வோல்ற்றுக்கு மேல் ஓடும், பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் அந்தப் பக்கம் கை நீட்டக்கூடாது.

எதையும் கழற்றுமுன் போனில் படம் எடுங்கள். மாஸ்கிங் ரேப்பில் இலக்கம் எழுதி ஒவ்வொரு வயரிலும் ஒட்டுங்கள். பலகைக்கு அடியில் எல்லா வயரும் ஒரே நிறத்தில் இருக்கும் பெட்டிகளும் உண்டு.

தேவையான சாமான்கள்: ஒரு மல்ரிமீற்றர், ஸ்குறூ டிறைவர், குறடு, இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் பூட்டிய ஒரு முழ வயர், 100 ஓம் ரெசிஸ்ரர் ஒன்று.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒரு சோதனை

1985இல் ஜப்பானில் வந்த ஜாமா முறைதான் (பெட்டியின் வயர்களைப் போர்ட்டோடு சேர்க்கும் பொதுவான கனெக்டர் ஒழுங்கு) இங்கு காணும் அநேகமான பெட்டிகளில் இருக்கிறது. இப்போது விற்கும் பண்டோரா பொக்ஸ் போன்ற சீனப் பல்விளையாட்டு போர்ட்டுகளும் அதே கனெக்டரில்தான் கொழுவுகின்றன. ஒரு பக்கத்துக்கு 28 ஆக மொத்தம் 56 பின். பட்டன் வேலைக்குத் தேவையானவை இவை: 1, 2, 27, 28 கிறவுண்ட். 3, 4 ஐந்து வோல்ற். 6 பன்னிரண்டு வோல்ற். 16 காசு, 17 ஸ்ரார்ட், 18 முதல் 21 வரை ஜோய்ஸ்ரிக்கின் மேல், கீழ், இடம், வலம். 22, 23, 24 மூன்று பட்டன்கள். சாமான்கள் இருக்கும் பக்கம் முதலாம் ஆட்டக்காரருக்கு, ஈயம் வைத்த பக்கத்தில் அதே இடங்கள் இரண்டாம் ஆட்டக்காரருக்கு.

எந்தப் பட்டனை அழுத்தினாலும் நடப்பது ஒன்றுதான்: அந்தப் பின் கிறவுண்டோடு தொடுகிறது. அதை நீங்களே ஒரு வயரால் செய்து பார்க்கலாம். முதலைக் கிளிப் வயரின் நடுவில் 100 ஓம் ரெசிஸ்ரரைச் சேருங்கள். கை தவறி வேறு பின்னில் பட்டாலும் அது கொஞ்சம் காப்பாற்றும். கிளிப்பின் ஒரு முனையை 27இல் கொழுவுங்கள். பெட்டியைப் போட்டு, கேமின் ரெஸ்ற் திரைக்குப் போங்கள் (காசுக் கதவுக்குள் ரெஸ்ற் பட்டன் இருக்கும், அல்லது போர்ட்டில் சின்ன டிப் சுவிச்). மறு முனையால் பிழையான பட்டனின் பின்னைக் கனெக்டரில் தொடுங்கள். 3, 4, 6 பக்கம் போகாதீர்கள்.

திரை அசைந்தால் போர்ட் நல்லது, பிழை வயரிலோ பட்டனிலோ இருக்கிறது. அசையாவிட்டால் கனெக்டர் கொழுவும் விரல்கள் (போர்ட் விளிம்பில் உள்ள தங்கநிறப் பட்டைகள்) அழுக்கா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் போர்ட். கீழே இதை வயர்ச் சோதனை என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

## அறிகுறி 1: ஒரே ஒரு பட்டன் மட்டும் கேட்கவில்லை

அழுத்தும்போது கிளிக் சத்தம் கேட்கிறதா?

*கேட்கவில்லை.* மைக்றோசுவிச் (பட்டனுக்கு அடியில் கிளிக் என்று அழுந்தும் சின்னச் சுவிச்) பட்டனின் காலிலிருந்து விலகியிருக்கும், அல்லது பட்டனைப் பிடிக்கும் நட் கழன்றிருக்கும். சுவிச்சை அழுத்திப் பூட்டினால் சரி. பிளாஸ்ரிக் கால் உடைந்திருந்தால் பட்டனையே மாற்ற வேண்டும். பசை போட்டு ஒட்டுவது ஒரு வாரம் தாங்காது.

*கேட்கிறது.* பலகையைக் கவிழ்த்து அந்தச் சுவிச்சின் இரண்டு வயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கழன்று தொங்குவது மிகச் சாதாரணம். இரண்டும் இருந்தால் பக்கத்தில் வேலை செய்யும் பட்டனிலிருந்து சிக்னல் வயரைக் கழற்றி, பிழையான பட்டனின் வயரை அங்கே பூட்டுங்கள்.

- இப்போது கேட்கிறது என்றால் பிழை பழைய சுவிச்சில், அல்லது அதற்கு வரும் கிறவுண்டில். மல்ரிமீற்றரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து, பிளக் கழற்றிய நிலையில், கொம் காலுக்கும் (கிறவுண்ட் வரும் பொதுக் கால்) என்.ஓ காலுக்கும் (அழுத்தும்போது மட்டும் கொம்மோடு தொடுவது) இடையில் அழுத்திப் பாருங்கள். அழுத்தச் சத்தம், விடச் சத்தமில்லை என்றால் சுவிச் நல்லது.
- அப்போதும் கேட்கவில்லை என்றால் வயரில். அந்த வயரின் இரண்டு முனைக்கும் மீற்றரை வைத்து, வயரை இழுத்து வளைத்தபடி பாருங்கள். வெளியே ஒழுங்காகத் தெரியும் வயர் உள்ளே அறுந்திருக்கும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் அதுதான்.

வயரும் நல்லது, சுவிச்சும் நல்லது என்றால் கனெக்டரில் வயர்ச் சோதனை.

சுவிச் மாற்றுவதைப் பற்றி ஒன்று. மைக்றோசுவிச்சின் கால் பொதுவாக 4.8 மி.மீ. அகலம். ஜப்பானியப் பட்டன்களில் 2.8 மி.மீ. எங்கள் ஊர் ஓட்டோ வயரிங் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் கிளிப் 6.3 மி.மீ. அதைக் குறடால் நெரித்துப் பூட்டினால் அன்றைக்கு வேலை செய்யும், இரண்டு கிழமையில் கழன்றுவிடும். சரியான அளவு கிடைக்கும்வரை ஈயம் வைப்பதே மேல், ஆனால் காலை நீண்ட நேரம் சூடாக்கினால் சுவிச்சின் உடல் இளகிப்போகும்.

கல்முனையில் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன் ஒருவர்) பழைய மைக்றோவேவ் கதவிலிருந்து சுவிச் கழற்றிப் பட்டனுக்குப் போட்டிருந்தார். அளவு பெரும்பாலும் ஒத்துவரும், அவசரத்துக்கு நல்ல யோசனைதான். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்: அதில் என்.ஓ கால் இருக்கிறதா (மைக்றோவேவில் என்.சி, அதாவது அழுத்தாதபோது தொட்டிருக்கும் கால், மட்டும் உள்ள சுவிச்சும் உண்டு), அழுத்த எவ்வளவு கடினம். கடினமான சுவிச்சில் சண்டைக் கேம் விளையாடினால் விரல் நோகும்.

## அறிகுறி 2: ஒரு பக்கம் முழுக்க, அல்லது வரிசையில் பாதி பட்டன்கள் செத்துவிட்டன

பயப்பட வேண்டிய பிழைபோல் தெரியும். உண்மையில் இதுதான் மிக மலிவான பிழை.

பல சுவிச்சுகள் ஒரே நேரத்தில் பழுதாவதில்லை. அவற்றுக்குப் பொதுவானது ஒன்றுதான்: கிறவுண்ட் வயர். அது கனெக்டரிலிருந்து வந்து முதல் சுவிச்சின் கொம் காலில் ஏறி, அங்கிருந்து அடுத்ததற்கு, அதற்கடுத்ததற்கு என்று தொடர்ச்சியாகப் போகும். நடுவில் ஒரு கிளிப் கழன்றால் அதற்குப் பிறகு உள்ளவை எல்லாம் செத்துவிடும், முன்னால் உள்ளவை வேலை செய்யும்.

எங்கே அறுந்திருக்கிறது? ரெஸ்ற் திரையில் ஒவ்வொன்றாக அழுத்தி, கடைசியாக வேலை செய்யும் சுவிச்சையும் முதலாவதாகச் செத்த சுவிச்சையும் கண்டுபிடியுங்கள். சுவிச்சுகளைப் பலகையில் இருக்கும் ஒழுங்கில் எண்ணாதீர்கள், வயர் போகும் ஒழுங்கில் எண்ணுங்கள். இரண்டும் ஒன்றல்ல. பிழை அந்த இரண்டுக்கும் இடையில்.

எல்லாமே செத்திருக்கிறதா, ஸ்ரார்ட்டும் காசும்கூட? அப்படியானால் தொடரின் தலையிலேயே பிழை. பலகைக்கும் வயர்க் கட்டுக்கும் இடையில் ஒரு பெரிய பிளக் இருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். அந்த பிளக்கின் கிறவுண்ட் பின் கறுத்திருக்கும் அல்லது உள்ளே தள்ளப்பட்டிருக்கும். காசு மட்டும் வேலை செய்கிறது என்றாலும் பிளக்தான்; சில பெட்டிகளில் காசுக் கதவுக்குத் தனிக் கிறவுண்ட் போகும்.

கிளிப் கழன்றிருக்கவில்லை, ஆனாலும் செத்திருக்கிறதா? கிளிப்பை இழுத்துக் கழற்றி அதன் கழுத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் வெட்டிவிடுங்கள். உறையை உரித்து உள்ளே செம்பைப் பாருங்கள். கறுத்திருந்தால் இன்னும் வெட்டுங்கள். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்ட வேண்டும், கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. வயர் குட்டையாகிப் போனால் புதிய துண்டு சேருங்கள். சுரண்டி, ஸ்பிறே அடித்து, திரும்பப் பூட்டினால் அடுத்த மாரிக்குள் திரும்ப வரும்.

சரி, திறந்ததுதான் திறந்துவிட்டீர்கள், இன்னொரு சின்ன வேலை. தொடரின் கடைசிச் சுவிச்சின் கொம் காலிலிருந்து புதிதாக ஒரு வயரைக் கொண்டுபோய்க் கிறவுண்டில் சேர்த்துவிடுங்கள். இப்போது தொடர் வளையமாகிவிட்டது. இனி எங்காவது ஒரு இடத்தில் கழன்றாலும் மறுபக்கத்தால் கிறவுண்ட் வந்துவிடும். கடற்கரைப் பெட்டி எதைத் தொட்டாலும் இதைச் செய்துவிட்டுத்தான் மூடுகிறேன்.

ஆறு பட்டன் கேமில் கீழ் மூன்று மட்டும் செத்திருக்கிறதா? 1991இல் வந்த ஸ்ரீட் ஃபைற்றர் 2 போன்றவற்றில் உதை பட்டன்கள் மூன்றும் ஜாமா கனெக்டரால் போவதில்லை. போர்ட்டில் வேறொரு சின்னக் கனெக்டரில் தனி வயர்க் கட்டாகப் போகும். போர்ட்டை யாராவது மாற்றியிருந்தால் அதைக் கொழுவ மறந்திருப்பார்கள்.

## அறிகுறி 3: அழுத்தாமலே அழுத்தியபடி இருக்கிறது

ஆள் தானாக ஒரு பக்கம் ஓடுவான், துப்பாக்கி நிற்காமல் சுடும், மெனு தானாக உருளும்.

முதலில் பட்டனையே பாருங்கள். சோடா ஊற்றுப்பட்டுக் காய்ந்திருக்கும். பட்டனைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவையுங்கள். சுவிச்சைக் கழற்றிவிட்டுத்தான் கழுவ வேண்டும். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் பட்டன் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பட்டன் சுதந்திரமாக மேலே வருகிறது, ஆனாலும் அழுத்தியபடி என்றால், சிக்னல் வயரைச் சுவிச்சிலிருந்து கழற்றுங்கள்.

- கழற்றியதும் நின்றுவிட்டது: பிழை சுவிச்சில். வயர் என்.ஓ காலுக்குப் பதிலாக என்.சி காலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்தும்போது விடும், விடும்போது அழுத்தும். புதிதாக யாராவது கை வைத்த பெட்டிகளில் இதுதான் முதல் காரணம். வயர் சரியான காலில் இருந்தால் சுவிச்சின் தொடுபுள்ளி ஒட்டிப்போயிருக்கிறது, மாற்றுங்கள்.
- கழற்றியும் நிற்கவில்லை: வயர் எங்கோ கிறவுண்டைத் தொடுகிறது. இரும்புப் பலகையின் கூர் விளிம்பில் வயர் உரசுப்பட்டிருக்கும். எலி கடித்திருக்கும். எலி வேலை என்றால் ஒரு வயரோடு நிற்காது. கட்டு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். பிளக்குகளின் பின்பக்கத்தில் பல்லிமுட்டை, எறும்புக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.
- கனெக்டரையே கழற்றியும் ரெஸ்ற் திரையில் அழுத்தியபடி காட்டுகிறது: இதைச் செய்து பார்க்க, கரண்ட் வேறு வழியால் வர வேண்டும் என்பதால் வீட்டில் செய்யாதீர்கள். அந்த ஒரு வயரை மட்டும் கனெக்டரின் காலிலிருந்து ஈயம் உருக்கிக் கழற்றிப் பார்த்தால் அதே பதில் கிடைக்கும். இன்னும் அழுத்தியபடி என்றால் போர்ட்.

மீற்றரை டி.சி வோல்ற்றில் வைத்து, கறுப்பு முனையைக் கிறவுண்டிலும் சிவப்பு முனையைச் சிக்னல் வயரிலும் வைத்தால் சும்மா நிற்கும்போது 5க்குக் கிட்ட, அழுத்தும்போது 0க்குக் கிட்டக் காட்ட வேண்டும். இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றால் ஈரக் கசிவாக இருக்கலாம். பலகையை இரண்டு நாள் காற்றாடியின் கீழ் வைத்துக் காயவிட்டுப் பாருங்கள். மாரிக் காலத்தில் மட்டும் வரும் பிழை என்றால் அதுதான்.

## அறிகுறி 4: விட்டுவிட்டு வேலை செய்கிறது, அல்லது ஒரு அழுத்துக்கு இரண்டு அழுத்தாக விழுகிறது

பட்டனை மெதுவாக அழுத்தி, பாதியில் நிறுத்தி, பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ரெஸ்ற் திரை மினுங்கினால் சுவிச் தேய்ந்துவிட்டது. மாற்றுங்கள். உள்ளே ஸ்பிறே அடித்துத் திருத்த முயல்வது பணம் வீண். எண்ணெய்த்தன்மை உள்ள ஸ்பிறே தூசியைப் பிடித்துக்கொண்டு நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

பட்டன் நல்லது, ஆனால் பலகையைத் தட்டினால் வருகிறது போகிறது என்றால் கிளிப் தளர்ந்திருக்கிறது. பெட்டியைத் தட்டினால் வருகிறது என்றால் ஜாமா கனெக்டர். பிளக் கழற்றிவிட்டுக் கனெக்டரை இழுத்தெடுங்கள். போர்ட்டின் தங்கநிற விரல்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும்.

திரும்பக் கொழுவும்போது ஒரு எச்சரிக்கை, இது முக்கியம். ஏழாவது இடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் தடை இருக்க வேண்டும். கனெக்டர் தலைகீழாகப் போகாமல் காப்பது அதுதான். பழைய பெட்டிகளில் அது விழுந்துபோயிருக்கும். தலைகீழாகக் கொழுவினால் 6ஆம் பின்னின் பன்னிரண்டு வோல்ற் நேராக 23ஆம் இடத்துக்கு, அதாவது இரண்டாவது பட்டனுக்குப் போகும். பட்டன் பிழை திருத்தப் போய் போர்ட்டைச் சாகடிப்பது இப்படித்தான். தடை இல்லாவிட்டால் கனெக்டரிலும் போர்ட்டிலும் ஒரே பக்கத்தில் பெயின்ற்றால் ஒரு புள்ளி வையுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்துப் பெட்டி என்றால் மைக்றோசுவிச் இருக்காது, இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும். அவற்றுக்கிடையில் தடித்த வெள்ளைக் கடதாசித் துண்டொன்றை வைத்து, தகடுகளை இலேசாக அழுத்தியபடி இழுத்தெடுங்கள். கடதாசியில் கறுப்பு வராமல் நிற்கும்வரை செய்யுங்கள். இடைவெளி கூடியிருந்தால் தகட்டை மெதுவாக வளைக்கலாம்.

## அறிகுறி 5: ஒரு பட்டனை அழுத்தினால் வேறொன்று நடக்கிறது

இரண்டு வயர் மாறியிருக்கிறது. படம் எடுக்காமல் கழற்றியதன் பலன். ரெஸ்ற் திரையைப் பார்த்து மாற்றிப் பூட்டுங்கள். பல்விளையாட்டு போர்ட் என்றால் வயரைத் தொடுமுன் அதன் மெனுவில் பட்டன் ஒழுங்கைப் பாருங்கள், அங்கே யாரோ மாற்றியிருப்பார்கள்.

ஒன்றை அழுத்த இரண்டும் நடந்தால் பக்கத்துப் பக்கத்துப் பின்கள் ஒட்டியிருக்கின்றன. கனெக்டரின் பின்னால் ஈயத்துளியோ ஒற்றை வயர் இழையோ பாலம் போட்டிருக்கும்.

## அறிகுறி 6: பட்டனை அழுத்தினால் கேம் நின்று திரும்பத் தொடங்குகிறது

உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீர்கள்.

ஒளிரும் பட்டன் புதிதாகப் போட்ட பெட்டிகளில் இது வரும். அந்தப் பட்டனுக்கு நாலு கால்: இரண்டு சுவிச்சுக்கு, இரண்டு விளக்குக்கு. விளக்கின் வயர் சுவிச்சின் காலில் ஏறியிருந்தால், அழுத்தும்போது ஐந்து வோல்ற் நேரே கிறவுண்டைத் தொடும், கேம் விழும். பன்னிரண்டு வோல்ற் விளக்கு என்றால் அது சிக்னல் பின்னுக்கே போய் போர்ட்டின் சிப்பை எரித்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, விளக்கு வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிப் போடுங்கள். விளக்கில்லாமல் கேம் ஒழுங்காக ஓடினால், சுவிச் கால் எது, விளக்குக் கால் எது என்று மீற்றரால் பார்த்தபின் ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டுங்கள்.

விளக்கு இல்லாத பெட்டி என்றால் ஐந்து வோல்ற்றை அளந்து பாருங்கள். பவர் சப்ளையில் அல்ல, போர்ட்டின் கனெக்டரில். 4.9க்குக் கீழே இருந்தால் முதலில் 1 முதல் 4 வரையுள்ள பின்களின் கறளைப் பாருங்கள். பவர் சப்ளையில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி ஏற்றலாம், ஆனால் 5.1ஐத் தாண்ட விடாதீர்கள். அந்தச் சப்ளையின் ஒரு பக்கத்தில் 230 வோல்ற் திறந்தபடி இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கை நடுங்குபவர் வேறு ஆளிடம் விடலாம்.

## அறிகுறி 7: பலகையைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது

இதில் நீங்கள் செய்ய வேண்டிய சோதனை எதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றி, "தொடாதே" என்று எழுதி ஒட்டிவிட்டு, உரிமம் உள்ள மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். எர்த் வயர் இல்லாத இரண்டு கால் பிளக்கில் ஓடும் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. ஈரக்காலோடு கடலில் குளித்து வருபவர்கள் தொடும் பெட்டி இது. ஜப்பானிலிருந்து வந்த பெட்டி 100 வோல்ற்றில் ஓடுவது; இடையில் ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கிறதா, அதன் எர்த் பெட்டியின் இரும்போடு சேர்ந்திருக்கிறதா என்று அவரிடம் குறிப்பாகக் கேளுங்கள். வீட்டு ட்ரிப் சுவிச் விழுவதை நிறுத்த அதைச் சுற்றி வயர் போடச் சொல்லாதீர்கள்.

## போர்ட் திருத்துபவரிடம் எப்போது போவது

வயர்ச் சோதனையில் திரை அசையவில்லை, விரல்களைத் துடைத்தும் அசையவில்லை, ஐந்து வோல்ற் சரியாக இருக்கிறது. அப்போது மட்டும். அந்த வேலை ஒரு சிப் அல்லது ஒரு ரெசிஸ்ரர் மாற்றுவதாக இருக்கலாம், ஆனால் ஈயம் உறிஞ்சும் கருவி இல்லாமல் பழைய போர்ட்டில் கை வைத்தால் தடங்கள் உரிந்து வந்துவிடும். சாதாரண ரீவி திருத்துபவர் எல்லோரும் இதைச் செய்வதில்லை, முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

போனில் "பட்டன் வேலை செய்யுதில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பின், கிறவுண்டோடு தொட்டபோது என்ன நடந்தது, சும்மா நிற்கும்போது எத்தனை வோல்ற் என்ற மூன்றையும் சொல்லுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. போர்ட்டை மட்டும் கழற்றி, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கடதாசிப் பெட்டியில் வையுங்கள். சாதாரணப் பிளாஸ்ரிக் பை வேண்டாம், நிலைமின் அதில் சேரும். போர்ட்டில் ஒரு சின்னப் பற்றரி ஈயம் வைத்தபடி இருந்தால் அதை நீங்களாகக் கழற்றாதீர்கள். சில கேம்கள் அந்தப் பற்றரி போனால் திரும்பத் தொடங்காது.